பேருக்கு ஐ7, ஊருக்கு ஆர்.ஜி.பி. லைட்டு!

பி.காம். படிக்கிற பயலுக்கு கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்றதைப் பத்தி என்ன தெரியும்னு கேக்கறவங்க தாராளமா கேக்கலாம். இது எலெக்ட்ரானிக்ஸ் விஷயமே இல்லீங்க, சுத்தமான கணக்கு விஷயம். கணக்குல கோட்டை விடறதாலதான் இத்தனை பேர் ஏமாந்து நிக்கறாங்க.

என் வகுப்புத் தோழன் ஒருத்தன். அவங்கம்மா சீட்டு எடுத்துக் கொடுத்த 80,000 ரூபாயோட கடைக்குப் போனான். கேம் ஆடணும், அவ்வளவுதான் தேவை. கடைக்காரர் முதல்ல கேட்ட கேள்வி, "தம்பி, ஐ5ஆ ஐ7ஆ?" பய நெஞ்சை நிமிர்த்தி "ஐ7"னுட்டான். பணத்துல பெரிய பங்கு அங்கயே காலி. அப்புறம் கலர் கலரா லைட் எரியற கேபினெட், அதோட இலவசமா ஒரு எஸ்.எம்.பி.எஸ். மிச்சம் இருந்த காசுக்குக் கிடைச்சது ஆர்டிஎக்ஸ் 3050, அதுவும் 6 ஜிபி. "பில் போட்டா 18% ஜி.எஸ்.டி. வரும்"னு சொன்னதும், பில்லும் வேணாம்னுட்டான்.

அஞ்சாவது மாசம் ஒரு ராத்திரி 'டப்'னு சத்தம், கருகின வாசனை. இலவச எஸ்.எம்.பி.எஸ். தான் போனதோட மதர்போர்டையும் கூட்டிட்டுப் போயிடுச்சு. வாரண்டிக்குப் போனா பில் கேட்டாங்க. அம்மாகிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாம ஒரு வாரம் காலேஜுக்கே வரல அவன். அதனாலதான் எனக்கு இவ்வளவு கோவம்.

சரி, மேட்டருக்கு வருவோம். கேம்ல ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ரெண்டு பேர் வேலை செய்யறாங்க. என்ன நடக்கணும்னு முடிவு பண்றது பிராசஸர், அதை வரையறது கிராஃபிக்ஸ் கார்டு. ரெண்டுல யார் மெதுவோ அவர் வேகம்தான் மொத்த வேகம். கல்யாணப் பந்தியில பரிமாற 20 பேர் நின்னாலும் அடுப்புல ஒரே அண்டாதான்னா இலை காத்துட்டுதானே இருக்கும்? ஐ7ங்கறது அந்த 20 பேர். 2022ல வந்த ரைசன் 5 5600, ஐ5-12400எஃப் ரெண்டுலயும் 6 கோர், 12 த்ரெட். நடுத்தர கார்டுக்குத் தீனி போட அதுவே போதும். என் கணக்குல பட்ஜெட்டுல 40 சதவீதம் கார்டுக்குப் போகணும். மத்ததெல்லாம் அப்புறம்.

"வேலரன்ட் மாதிரி ஆட்டத்துக்கு பிராசஸர்தானே முக்கியம்?"னு கேப்பீங்க. உண்மைதான். 240 ஹெர்ட்ஸ் மானிட்டர் வச்சு போட்டிக்கு ஆடறவங்க, வீடியோ எடிட்டிங் பண்றவங்க ஐ7 வாங்கட்டும், நான் வாயே திறக்கல. ஆனா 60 ஹெர்ட்ஸ் மானிட்டர்ல உக்காந்துட்டு ஐ7 பெருமை பேசறவங்களுக்கு ஒண்ணு: உங்க மானிட்டர் ஒரு நொடிக்கு 60 படம்தான் காட்டும், உள்ள 200 ஓடினாலும்.

அடுத்தது பேர் மோசடி. கார்டு பேரை மட்டும் பார்த்து வாங்காதீங்க. 2016ல ஜிடிஎக்ஸ் 1060ஐ 3 ஜிபி, 6 ஜிபின்னு வித்தாங்க. மெமரி மட்டும்தான் வித்தியாசம்னு பாதிப்பேர் நினைச்சாங்க. கோர் எண்ணிக்கையே ஒண்ணுல 1152, இன்னொண்ணுல 1280! 2024ல வந்த 3050 6 ஜிபியும் அதே கதை. 8 ஜிபி கார்டுல 2560 கோர், 128 பிட். இதுல 2304 கோர், 96 பிட். 2022ல 4080 12 ஜிபின்னு அறிவிச்சு, ஜனங்க காறித் துப்பினதும் வாபஸ் வாங்கி, 2023 ஜனவரியில 4070 டிஐன்னு வேற பேர்ல வித்தாங்க. ஒரே லேபிள்ல ரெண்டு சரக்கு விக்கறதுக்கு எங்க ஊர் மளிகைக்கடையில வேற பேரு.

இப்ப எஸ்.எம்.பி.எஸ். ஸ்டிக்கர்ல '450 வாட்'னு பெருசா போட்டிருக்கும். அதைப் பார்க்காதீங்க, பக்கத்துல 12 வோல்ட் லைன்ல எத்தனை ஆம்பியர்னு பாருங்க. பிராசஸரும் கார்டும் பெரும்பாலும் உறிஞ்சறது அங்கதான். 16 ஆம்பியர்னா 12 பெருக்கல் 16, வெறும் 192 வாட்! 80 பிளஸ் முத்திரையும் மின்சாரம் எவ்வளவு வீணாகுதுன்னு சொல்லுமே தவிர, பாதுகாப்புக்கு உத்தரவாதம் இல்ல. ஓவர் வோல்டேஜ், ஷார்ட் சர்க்யூட் பாதுகாப்பு இருக்கான்னு கேட்டு வாங்குங்க. லைட்டுக்குக் கொடுக்கற காசை இங்க கொடுங்க சாமி.

"எதிர்காலத்துக்கு உதவும்ல?" இதுதான் கடைக்காரரோட பிரம்மாஸ்திரம். நம்ம பாடத்துக்கே வாங்க. வருமான வரி விதிகள்ல கம்ப்யூட்டருக்குத் தேய்மானம் 40%. குறைந்து செல் மதிப்பு முறையில போட்டா 80,000 ரூபாய் முதல் வருஷ முடிவுல 48,000, ரெண்டாவது 28,800, மூணாவது 17,280. இவ்வளவு வேகமா கரையற பொருள்ல, இன்னைக்குத் தேவைப்படாத சக்தியை முன்கூட்டியே வாங்கி வைக்கறது சேமிப்பா? மூணு வருஷம் கழிச்சு நல்ல கார்டு வாங்க வேண்டிய காசு, இப்ப ஐ7க்குள்ள தூங்குது. இதுக்குப் பேர்தான் வாய்ப்புச் செலவு. பரீட்சையில எழுதி மார்க் வாங்கறோம், கடை வாசல்ல மறந்துடறோம்.

விலை அதிகம்னா ஆயுசு கெட்டின்னும் நம்பாதீங்க. இன்டெலோட 13, 14ஆம் தலைமுறை பிராசஸர்கள் பலது நிலையில்லாம தடுமாறி, 2024ல வாரண்டியையே ரெண்டு வருஷம் நீட்டிச்சாங்க. அதுல அடி வாங்கினதுல காஸ்ட்லி ஐ9 ஆட்களும் அடக்கம். எதிர்காலம் வேணும்னா சாக்கெட்டைப் பாருங்க. 2017ல வாங்கின ஏஎம்4 போர்டு பலதுல, பயாஸ் அப்டேட் பண்ணி 2022ல வந்த 5600ஐப் போட முடிஞ்சுது.

கடைசியா, பில். 18% வரி மிச்சம்னு நினைச்சு 100% பொருளைத் தொலைச்சவனைப் பார்த்தவன் சொல்றேன். வாங்கிக்கங்க. வரியைக் கட்டுங்க.

கடைக்குப் போறதுக்கு முன்னாடி மூணே மூணு விஷயம் பேப்பர்ல எழுதிக்கங்க: என்ன ஆட்டம், என்ன மானிட்டர், எவ்வளவு காசு. "ஐ5ஆ ஐ7ஆ?"னு கேட்டா அந்தப் பேப்பரை நீட்டுங்க. அந்தப் பணம் யாரோ ஒரு அம்மா மாசாமாசம் கட்டின சீட்டு. அது கலர் லைட்டா எரிஞ்சு போக வேணாம்.

வர்ட்டா?