எந்தத் தூரத்தில் நிற்கிறீர்கள்?

ஆரணியில் பட்டுத்தறி முன் ஓர் இளைஞர் உட்கார்ந்திருக்கும் படம். அதைப் பார்த்து ஒரு கதை சொல்லுங்கள். 'எப்போது வேலை முடியும் என்று காத்திருக்கிறார்' என்பது ஒரு கதை. 'யாரும் நெய்யாத பார்டரை யோசிக்கிறார்' என்பது இன்னொரு கதை.

சாதிக்கும் உந்துதலை அமெரிக்க உளவியலாளர் டேவிட் மெக்லெலண்ட் இப்படிப் படம் காட்டித்தான் அளந்தார். 'சாதிக்க ஆசையா?' என்று நேரடியாகக் கேட்டால் எல்லோருமே 'ஆமாம்' என்பார்களே!

வளையம் எறியும் சோதனையும் உண்டு. எங்கே நின்றும் எறியலாம். உந்துதல் மிகுந்தவர்கள் ரொம்பப் பக்கத்திலும் நிற்கவில்லை, ரொம்பத் தள்ளியும் நிற்கவில்லை. முயன்றால் விழும் என்ற தூரத்தில் நின்றார்கள்.

இது பிறவிக் குணமல்ல. 1960-களில் ஆந்திராவின் காக்கிநாடாவில் சிறுதொழில் செய்பவர்களுக்கு இதற்காகவே பயிற்சி தந்தார்கள். பயிற்சி பெற்றவர்கள், பெறாதவர்களைவிடத் தொழிலில் அதிகம் முனைந்தார்கள்.

நெசவு பழக வருபவரிடம் முதல் நாளே முகூர்த்தப் பட்டு கேட்பதில்லை. பிள்ளைகளிடம் மட்டும் ஏன் எடுத்ததுமே முதல் ரேங்க் கேட்கிறோம்? 'பாஸானால் போதும்' என்பதும் தப்புதான். 60 வாங்கிய பிள்ளையிடம் 70 கேளுங்கள். வளையம் விழும் தூரம் அதுதான்.