பாஸ்வேர்டு கேட்டு வந்த மதினி

நாரணாபுரத்தில் பக்கத்து வீட்டுக்காரர் தேங்காய்த் துருவி கேட்டால் இல்லையென்று சொல்லும் வழக்கமில்லை. ஏணி, இட்லித் தட்டு, பேப்பர் (நாம் பிரிப்பதற்கு முன்பே) எல்லாம் போய் வரும். அந்த வரிசையில்தான் எங்கள் வீட்டு வைஃபை பாஸ்வேர்டும் போனது. ஏணியாவது திரும்பி வந்தது.

"தம்பி, பாப்பா பரீட்சைக்குப் படிக்கணுமாம். அந்த நம்பரைச் சொல்லுங்களேன்" என்றார் பக்கத்து வீட்டு மதினி. சொன்னேன். அதென்ன பெரிய ரகசியமா? கனெக்‌ஷன் கொடுக்க வந்த பையன் வைத்துவிட்டுப் போனது, ஒன்றிலிருந்து எட்டு வரை. சிரிக்காதீர்கள் சார். ஆபீஸில் ஃபைலுக்கு நடுவே இதைப் படிக்கிறீர்களே, உங்கள் வீட்டு பாஸ்வேர்டு உங்கள் செல் நம்பர்தானே?

புரட்டாசி வந்தது. ஊரே ராப்பகலாகப் பட்டாசுப் பெட்டி கட்டும் சமயம். நெட் மட்டும் நகர மறுத்தது. அடியேன் பி.காம். வரவு செலவு இடித்தால் தூக்கம் வராது. ரவுட்டருக்குள் போய் ஐந்தொகை பார்த்தேன். பிரவுசரில் 192.168.1.1 அடித்தால் கதவு. பெயர் அட்மின், பாஸ்வேர்டும் அட்மின். கம்பெனியில் வைத்ததை யாரும் மாற்றவில்லை. (முதலில் மாற்ற வேண்டியது இதைத்தான்.) எங்கள் வீட்டில் போன் மூன்று, டி.வி. ஒன்று. பட்டியலில் இருந்தது பதினான்கு. பாக்கிப் பத்துக்கு வவுச்சர் இல்லை!

பாப்பா தன் தோழிக்குச் சொல்ல, தோழி அவள் அண்ணனுக்குச் சொல்ல, அண்ணன் தெருமுனையில் லாரிக்குக் காத்திருக்கிற பையன்களுக்கெல்லாம் சொல்லியிருக்கிறான். தாராள மனசு.

"போனாப் போகுது, அன்லிமிடெட்தானே?" என்றாள் சகதர்மிணி. நானும் அப்படி நினைத்துப் படுத்தேன். அப்போதுதான் பழைய செய்தி ஒன்று ஞாபகத்துக்கு வந்து தூக்கத்தைக் கெடுத்தது.

2008 ஜூலை 26. அகமதாபாத்தில் குண்டுகள் வெடிக்கச் சில நிமிஷங்களுக்கு முன் மிரட்டல் இமெயில் ஒன்று வந்தது. ஐ.பி. முகவரியைப் பிடித்துக்கொண்டு போலீஸ் போய் நின்ற இடம், நவி மும்பையில் ஓர் அமெரிக்கரின் ஃப்ளாட். மனிதர் வைஃபையைப் பூட்டாமல் விட்டிருந்தார். எவனோ அதில் புகுந்து அனுப்பிவிட்டுப் போய்விட்டான். கம்ப்யூட்டர் பறிமுதல், கேள்விக்கு மேல் கேள்வி. தான் அனுப்பவில்லை என்று புரியவைப்பதற்குள் அவர் பட்ட பாடு!

நம் ஊருக்கு குண்டெல்லாம் வேண்டாம், பட்டாசே போதும். ஆன்லைனில் பட்டாசு விற்க உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரில் தடை போட்டது. ஆனாலும் சிவகாசி பெயரில் 'பாதி விலை' என்று போலிக் கடை விரித்துப் பணத்தைச் சுருட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். 2024 தீபாவளிக்கு முன் தமிழ்நாடு சைபர் கிரைம் போலீஸே எச்சரித்தது. அப்படியொரு கடையை எவனாவது என் லைனில் உட்கார்ந்து திறந்தால்? போலீஸுக்குக் கிடைக்கும் பெயர் தெருமுனைப் பையனுடையது அல்ல. ஆதார் நகல் கொடுத்துக் கையெழுத்துப் போட்ட என்னுடையது.

விடிந்ததும் 'செக்யூரிட்டி' பக்கத்தைத் திறந்தேன். ஓட்டல் மெனு மாதிரி வரிசையாக இருந்தது. டபிள்யூ.ஈ.பி. என்று முதலில் ஒன்று. 1997 சரக்கு, 2001லேயே சாயம் வெளுத்துவிட்டது. தொடாதீர்கள். 2003ல் வந்த டபிள்யூ.பி.ஏ. அவசரத்துக்குப் போட்ட ஒட்டு. 2004ல் வந்த டபிள்யூ.பி.ஏ.-2, பக்கத்தில் ஏ.ஈ.எஸ். என்று இருந்தால் தாராளமாகப் போடலாம். 2018ல் வந்த டபிள்யூ.பி.ஏ.-3 அதைவிட நல்லது. ஆனால் பழைய போன்களுக்கு அது பிடிபடாது. இரண்டும் சேர்ந்த கலவை இருந்தால் அதைப் போடுங்கள். சகதர்மிணியின் போனுக்கு நெட் வராமல் போவதும் ஒரு பாதுகாப்புப் பிரச்னைதான்.

பூட்டு நல்லதாக இருந்து சாவி சொத்தையாக இருந்தால் பிரயோஜனமில்லை. டபிள்யூ.பி.ஏ.-2ல் உங்கள் போன் ரவுட்டரோடு கைகுலுக்கும் நேரத்தைப் பதிவு செய்துகொண்டு ஒருவன் வீட்டுக்குப் போய்விடலாம். பிறகு சாவகாசமாக ஒவ்வொரு பாஸ்வேர்டாகப் போட்டுப் பார்ப்பான். எட்டு இலக்க எண் என்றால் நல்ல கம்ப்யூட்டருக்கு ஒரு டீ குடிக்கிற நேரம். செல் நம்பர் என்றால் ஒரு சினிமா பார்க்கிற நேரம். 63 எழுத்து வரை இடம் கொடுத்திருக்கிறார்களே, யாருக்காக? சம்பந்தமில்லாத நாலைந்து தமிழ் வார்த்தைகளை இங்கிலீஷ் எழுத்தில் கோத்துப் போட்டேன். என்ன வார்த்தைகள் என்று கேட்காதீர்கள்.

டபிள்யூ.பி.எஸ். என்ற வசதியை அணைத்துவிடுங்கள். அதற்கு எட்டு இலக்க பின் நம்பர் உண்டு. அதை இரண்டு பாதியாகச் சரிபார்ப்பதால் பதினோராயிரம் முறை முயன்றாலே போதும் என்று 2011லேயே கண்டுபிடித்துவிட்டார்கள். வைஃபை பெயரை மறைத்து வைப்பதெல்லாம் வாசலில் திரைச்சீலை தொங்கவிட்ட கதை. திருடன் விலக்கிவிட்டு வருவான்.

எல்லாம் முடிந்தது. மதினி?

பாப்பாவின் பரீட்சையில் மண் போட மனசு வரவில்லை. மெனுவின் கடைசியில் 'கெஸ்ட் நெட்வொர்க்' என்று ஒன்று இருந்தது. தனிப் பெயர், தனிப் பாஸ்வேர்டு. அதில் வருகிறவர்கள் நம் வீட்டுக் கம்ப்யூட்டர் பக்கம் எட்டிப்பார்க்க முடியாது. நம் ஊர் ஃபேக்டரிகளில் ரூம்களைத் தள்ளித் தள்ளித்தானே கட்டுகிறார்கள், ஒன்றில் பற்றினால் அடுத்ததுக்குத் தாவக் கூடாதென்று? அதுபோல. ஆனால் வெளியே போகும்போது அதுவும் என் பெயரில்தான் போகும்.

சாயங்காலமே வந்துவிட்டார். "தம்பி, நெட்டு வரலையே?"

"பாப்பாவுக்குன்னே தனியா ஒண்ணு போட்டிருக்கேன் மதினி. ஆனா வேற யாருக்கும் சொல்லக் கூடாது. ஏதாவது ஆச்சுன்னா போலீஸ் என்னைத்தான் கூட்டிட்டுப் போகும்."

மதினி யோசித்தார். "அப்ப எங்க வீட்டுக்கு மட்டுந்தானா?"

"ஆமா."

முகத்தில் ஒரு பெருமிதம். மறுநாள் கிண்ணத்தில் அதிரசம் வந்தது.

இப்போது வாரம் ஒருமுறை பட்டியலைப் பார்க்கிறேன். ஆறு பேர். எங்கள் வீட்டுக் கணக்கு நாலு, பாப்பா ஒன்று. ஆறாவது யாரென்று இரண்டு ராத்திரி கண்விழித்துக் கண்டுபிடித்தேன். பக்கத்து வீட்டு அண்ணாச்சி, பதினொரு மணிக்கு மேல் மொட்டைமாடியில் உட்கார்ந்து பழைய படம் பார்க்கிறார். மதினிக்குத் தெரியாதாம்.

ஐந்தொகை டேலி.