அயலூர் தந்த அறிவு

சங்க அகப்பாடல்களில் பொருள்வயிற் பிரிவு பெரிதும் பேசப்படுகின்றது. தலைவன் பிரிகின்றான், பாலைவழி வெம்புகின்றது, தலைவி நாளெண்ணிச் சுவரில் கோடிடுகின்றாள். மொழிபெயர் தேயம் என்னும் தொடரும் ஆங்காங்கே வருகின்றது. ஆயினும், வேற்றுமொழி வழங்கும் அத்தேயத்தில் தலைவன் யாரோடு அமர்ந்து உண்டான், எவரிடம் மொழி கற்றான், எதற்காக நாணித் தலைகுனிந்தான் என்பவற்றை அப்பாடல்கள் பெரும்பாலும் சொல்வதில்லை. வழியைப் பாடிய புலவர்கள் சென்று வாழ்ந்த ஊரைப் பாடாது விட்டனர். ஈராயிரம் ஆண்டுகள் கழிந்தும் இக்குறை நம்மிடம், குறிப்பாகக் கடல் கடந்து பிழைத்த நம் சமுதாயத்தாரிடம், தீரவில்லை என்பது என் கருத்து.

என் சொந்த ஊர் காயல்பட்டினம். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் ஆய்வியல் நிறைஞர் பட்டத்திற்குப் பயில 2004-இல் வந்தபோது காளவாசலில் அறை தேடினேன். முதல் வீட்டில் என் பெயரைக் கேட்டதும், "நேற்றுத்தான் வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டோம்" என்றனர். 'வாடகைக்கு விடப்படும்' என்னும் பலகை மறுவாரமும் அவ்வீட்டு வாயிலில் தொங்கிக்கொண்டிருந்தது. நான்காவது வீட்டில் இடம் கிடைத்தது. காளவாசல் என்பது செங்கலும் சுண்ணாம்பும் சுடும் சூளையைக் குறிக்கும் சொல். இன்று தேனிச் சாலையும் புறவழிச்சாலையும் குறுக்கிடும் நாற்சந்தியும், 2020-இல் திறக்கப்பட்ட மேம்பாலமுமே அவ்விடத்தின் அடையாளங்கள். பச்சைக்கல்லாக வந்த எனக்கு மட்டும் அது சூளையாகவே இருந்தது.

முதற்பாடம் பள்ளிவாசலில் கிடைத்தது. எங்கள் கரையோர ஊர்களில் ஷாபிஈ மத்ஹபு. மதுரைப் பகுதி இராவுத்தர் பெருமக்கள் ஹனபி மத்ஹபினர். இச்செய்தியை நூலில் படித்திருந்தேன், உடல் படித்திருக்கவில்லை. முதல்நாள் சுபுஹுத் தொழுகையின் இரண்டாம் ரக்அத்தில், ருகூவிலிருந்து எழுந்ததும் குனூத்து ஓதக் கைகளை ஏந்தி நின்றேன். இமாமும் வரிசையினர் அனைவரும் சுஜூதுக்குச் சென்றுவிட்டனர். ஏந்திய கையோடு நான் ஒருவன் நின்றேன். தொழுகை முடிந்ததும் அருகிருந்த பெரியவர் என் தோளில் கைவைத்து, "தம்பிக்குக் கடற்கரைப் பக்கமா?" என்று கேட்டார். அவர் குரலில் ஏளனம் இல்லை. அஸர் பாங்கும் எங்கள் ஊரைவிட மிகத் தாழ்ந்தே ஒலித்தது. அவர்கள் பிள்ளைகள் தந்தையை 'அத்தா' என்றழைத்தனர். நான் 'வாப்பா' என்றால் சிரித்தனர். மார்க்கம் இது என்று நான் நம்பியிருந்தவற்றுள் எவ்வளவு என் ஊரின் வழக்கம் என்பதை ஐந்து மணி நேரப் பேருந்துப் பயணம் பிரித்துக் காட்டிவிட்டது. இதற்காக என் ஊர்ப்பெரியோர் என்மீது சினங்கொள்ள வேண்டா. குனூத்தை நான் இன்றும் விட்டேனில்லை.

இரண்டாவது பாடம் சற்றுக் கசப்பானது. எங்கள் ஊரில் வீடு பெண்ணுக்கு உரியது. மணமகனே பெண்வீட்டிற்குச் சென்று வாழ்வான். இதனை மதுரை நண்பர்களிடம் பெருமையாகச் சொன்னபோது, "அப்படியானால் நீர் வீட்டோடு மாப்பிள்ளையோ?" என்று கைகொட்டி நகைத்தனர். ஓரூரின் பெருமை மற்றோரூரில் வசையாக இருப்பது கண்டு முதலில் வெகுண்டேன். மகளுக்கு வீடளிப்பது நல்ல முறை என்பதில் எனக்கு இன்றும் ஐயமில்லை. ஆனால் அவ்வீடு எதனால் கட்டப்படுகிறது என்னும் கேள்வி ஊருக்குள் இருந்தவரை எனக்குத் தோன்றியதே இல்லை. என் வாப்பா இருபத்தெட்டு ஆண்டுகள் ஜித்தாவில் உழைத்தார். என் இரு சகோதரியருக்கும் வீடு கட்டினார். அவர் தமக்கென வாழ்ந்த நாள்களைக் கணக்கிட்டால் சில விடுமுறைகளே தேறும்.

சபர் முடித்து அவர் வரும்போதெல்லாம் பெட்டிகள் வரும். போர்வை, சோப்பு, கோடாலித் தைலம், டார்ச் விளக்கு ஆகியவற்றைப் பங்கிடுவதில் வீடு இரவெல்லாம் விழித்திருக்கும். பெட்டிக்கு உரியவர் ஒரு மூலையில் அமர்ந்திருப்பார். ஒருமுறை, "என்கூட ஏமன்காரன் ஒருவன் தங்கியிருந்தான், அவன்தான் எனக்கு அரபி பேசக் கற்றுக்கொடுத்தான்" என்று தொடங்கினார். தேர்வு நெருக்கத்தில் இருந்த நான், "பிறகு கேட்கிறேன், வாப்பா" என்றேன். 2011-இல் அவர் மறைந்தார். அந்த ஏமன்காரரின் பெயர்கூட எனக்குத் தெரியாது.

இம்மதுரையிலேயே வாழ்ந்த ப. சிங்காரத்தை இவ்விடத்தில் நினைக்கிறேன். சிங்கம்புணரியில் 1920-இல் பிறந்த அவர், 1938-இல் இந்தோனேசியாவின் மேடான் நகருக்குக் கடைவேலைக்குச் சென்றார். பட்டம் பெற்றவரல்லர். உலகப்போரை அங்கிருந்தே கண்டார், 1946-இல் திரும்பினார். பின்னர் மதுரைத் தினத்தந்தியில் நாற்பதாண்டுப் பணி. இளைஞர் கிறித்தவ மன்ற விடுதியில் தனியே வாழ்ந்து 1997-இல் மறைந்தார். அவர் எழுதியவை இரண்டே நாவல்கள். 'கடலுக்கு அப்பால்' 1959-இல் வெளிவந்தது; 'புயலிலே ஒரு தோணி' 1972-இல்தான் நூலாயிற்று. மேடானும் பினாங்கும் அவற்றில் உயிரோடு இருக்கின்றன. அங்கிருந்து திரும்பிப் பார்க்கும் மதுரையும் இருக்கின்றது. தமிழரின் வெற்றுப்பெருமையை அவருடைய மாந்தர் எள்ளி நகையாடுவர். மதுரையைவிட்டு நகராத ஒருவரால் அப்படி எழுதியிருக்க இயலாது என்றே கருதுகின்றேன்.

அதே பினாங்கில் சூலியாத் தெருவும், கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலும் நம்மவர் இருப்புக்கு இருநூறாண்டுச் சான்றுகள். அத்தெருவில் கடை வைத்திருந்தோரின் பேரப்பிள்ளைகள் பலர் நம் வகுப்பறைகளில் அமர்ந்திருக்கின்றனர். நம்மிடம் பேரேடுகள் இருக்கின்றன. நினைவேடுகள் அரிதினும் அரிது. ஆதலின் என் துறையினருக்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வோராண்டும் மாணவர் எழுதித் தரும் ஒப்படைப்புகளில் ஒன்றையேனும், அவர்தம் தந்தையோ பாட்டனாரோ அயலூரில் வாழ்ந்த வாழ்வைக் கேட்டு எழுதுவதாக அமைப்போம். எந்த நூலிலிருந்தும் பார்த்தெழுத இயலாத ஒப்படைப்பு அது! சபராளியின் மனைவி ஊரிலிருந்தே வாழ்ந்த தனிவாழ்வையும் அதில் சேர்க்க வேண்டும்.

இவ்வளவு சொல்லும் நான் சென்ற ஆண்டு செய்த ஒன்றையும் சொல்லியாக வேண்டும். 'கிளிங்' என்னும் சொல் மலேயாவில் நம்மவரைக் குத்திய வரலாற்றை வகுப்பில் உணர்ச்சியோடு நடத்துபவன் நான். எங்கள் தெருவில் கட்டட வேலைக்கு வந்த வடமாநிலத்தார் எண்மருக்கு ஒரு வீடு வாடகைக்கு விடப்பட்டது. குடும்பங்கள் வாழும் தெருவில் இவர்கள் வேண்டா என்று வீட்டுக்காரருக்கு ஒரு மனு எழுதப்பட்டது. என்னிடமும் நீட்டினர். அண்டை வீட்டாரின் மனத்தாங்கல் எதற்கு என்று ஒப்பமிட்டேன். அவர்கள் அகற்றப்பட்டனர்.

இரு வாரங்கள் கழித்து, ஜும்ஆவில் என் பக்கத்தில் நின்ற இளைஞரை அடையாளம் கண்டேன். தொழுகைக்குப்பின் எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் ஊரைக் கேட்டேன். "முர்ஷிதாபாத். இங்கே வந்து மூணு வருஷம் ஆச்சு, பாய்" என்று தமிழிலேயே விடையிறுத்தார். இப்போது எங்கே தங்கியிருக்கிறார் என்று கேட்க எனக்கு நா எழவில்லை. அவர் முகமலர்ச்சியோடு, "உங்களுக்கு எந்த ஊர்?" என்றார்.

இருபதாண்டுகளுக்கு மேலாகக் காளவாசலில் குடியிருக்கும் நான், "காயல்பட்டினம்" என்றேன்.