தோற்கத் தெரிந்த ஹீரோ எங்கே?

ரஜினியின் ‘கூலி’ 2025-ல் ‘ஏ’ சான்றிதழோடு வந்தது. 18 வயது நிரம்பாத பையன்களுக்கு தியேட்டரில் அனுமதி இல்லை. நாலே வாரத்தில் படம் ஓடிடிக்கு வந்துவிட்டது. வீட்டு ஹாலில் யார் வயசு கேட்கப்போறாங்க?

தணிக்கை வாரியம் 2024-ல் யு/ஏ சான்றிதழையும் 7+, 13+, 16+ எனப் பிரித்தது. நல்ல விஷயம்தான். ஆனால் ரத்தமும் வசவும் எவ்வளவு என்பதைத்தான் அது சொல்லும். ஹீரோ எப்படிப்பட்ட ஆள் என்பதைச் சொல்லாது.

13 வயசுப் பையனைத் துப்பாக்கியோடு எந்த கேங்கும் துரத்துவதில்லை. அவன் பிரச்சினையே வேற. டீமில் இடம் கிடைக்காது. பிடித்த பெண் ‘வேண்டாம்’ என்பாள். நாலு பேர் முன்னாடி அப்பா அவமானப்படுவார். அப்போது என்ன செய்வது? மாஸ் படங்கள் சொல்லித் தருவது இரண்டுதான்: அடி, இல்லாவிட்டால் விடாமல் துரத்து. ‘ரெமோ’ (2016) குடும்பத்தோடு சிரித்துப் பார்த்த படம். நிச்சயமான பெண் என்று தெரிந்தும், நர்ஸ் வேஷம் போட்டு ஏமாற்றி அவள் மனசை மாற்றுகிறான் ஹீரோ. கடைசியில் ஜெயிக்கவும் செய்கிறான்.

அதற்காக ‘நல்ல பையன்’ ஹீரோ போதும் என்றில்லை. சிகரெட், குடி இல்லாத ஹீரோவை எம்.ஜி.ஆர். காலத்திலேயே பார்த்தாச்சு. அவரும் பெரும்பாலும் தோற்க மாட்டார்.

‘பரியேறும் பெருமாள்’ (2018) பரியனைப் பாருங்கள். காலேஜில் அப்பாவைக் கூட்டி வரச் சொன்னால், வேறு ஒருவரை அப்பாவாக நடிக்க வைத்துக் கூட்டி வருகிறான். பெண் வேடமிட்டு ஆடும் கலைஞரான சொந்த அப்பாவை அங்கே காட்ட அவனுக்குக் கூச்சம். பிறகு நிஜ அப்பா வருகிறார். மாணவர்கள் அவர் வேட்டியை உருவி ஓட விடுகிறார்கள். பரியன் கோழை இல்லை. கொல்ல வந்தவரைத் திருப்பி அடிக்கிறான், கார் கண்ணாடியை உடைக்கிறான். ஆனால் பழிவாங்கக் கிளம்பவில்லை. உட்கார்ந்து பேசுகிறான். அவன் கூச்சமும் பொய்யும் பயமும் எந்தப் பையனுக்கும் தெரிந்தவைதான்.

‘மெய்யழகன்’ (2024) அருள்மொழி இன்னும் ஒரு படி மேல். தன்மேல் உயிரையே வைத்திருக்கும் ஒருவனின் பெயர் ஞாபகம் இல்லை என்ற வெட்கத்தில், ராத்திரியோடு ராத்திரியாக ஓடிவிடுகிறார். பிறகு போன் செய்து, அழுதுகொண்டே ஒத்துக்கொள்கிறார். தமிழ் ஆண்கள் இப்படி அழுது பேசி பையன்கள் எத்தனை படத்தில் பார்த்திருப்பார்கள்?

அதே படத்தில் நடித்த கார்த்திதான் 2019 தீபாவளிக்கு ‘கைதி’யில் மெஷின் கன் பிடித்தவர். அந்த சீனை யாரும் வெட்டச் சொல்லவில்லை. அப்படியொரு தீபாவளி ரிலீஸில், அதே விசிலுக்கு நடுவே, ஹீரோ ஒரு தடவை ‘தப்பு என்னுதுதான்’ என்று சொல்லட்டும். அதற்கும் விசில் வருகிறதா பார்க்கலாம்.