மலைக்கிராமத்து அமைதியும் நமது மௌனமும்

நமது சஞ்சிகைகளில் கடந்த சில வருடங்களாக ஒரு வகைக் கட்டுரை பெருகி வருகிறது. சுபஹுத் தொழுகையை முடித்துக்கொண்டு நான்கைந்து நண்பர்கள் ஒரு வானில் புறப்படுவார்கள். உல்லாசப் பயணிகள் மொய்க்கும் நுவரெலியாவையும் எல்லவையும் தவிர்த்துவிட்டு, 'யாரும் அறியாத' ஒரு மலைக்கிராமத்தைத் தேடிப் போவார்கள். வழியில் பனிமூட்டம், அட்டைக்கடி, தொலைபேசிச் சமிக்ஞை அற்றுப்போதல். முடிவில் ஒரு குடிசை வாசலில் வெற்றிலை மெல்லும் ஒரு மூதாட்டி தேநீரும் கித்துள் கருப்பட்டியும் தருவாள். 'கள்ளங்கபடம் அறியாத மக்கள்' என்ற வாக்கியம் தவறாமல் வரும். கடைசிப் பந்தியில் கட்டுரையாளர் நகரத்துக்கு மனமில்லாமல் திரும்புவார். சிலர் ஒரு கவிதையையும் ஒட்டிவிடுவார்கள்.

இவற்றை எழுதுகிறவர்கள் பலர் என் நண்பர்கள். நானும் இப்படி ஒன்றை எழுதியவன்தான். ஆகவே இதை அவர்கள்மீது மட்டும் சுமத்திவிட்டு நான் ஒதுங்க முடியாது.

நான் போனது மீமுரேக்கு. நக்கிள்ஸ் என்று வெள்ளைக்காரன் முஷ்டியின் மொளிகளைக் கண்டு பெயர் வைத்த, சிங்கள மக்கள் தும்பர என்று சொல்கிற மலைத்தொடரின் உள்மடிப்பில் இருக்கும் கிராமம். சில நூறு பேர்தான் வசிக்கிறார்கள். வயல், மிளகு, கித்துள் இவைதான் பிழைப்பு. எதிரே லக்கேகல என்ற பெரும்பாறை ஆப்பு வைத்தாற்போல் நிற்கிறது. அதன் உச்சியிலிருந்துதான் இராவணன் விமானமேறினான் என்பது ஐதீகம். அழகான இடம். அதில் எனக்கு மறுப்பில்லை.

ஆனால் 'யாரும் அறியாத' என்று எழுதினேனே, அந்த 'யாரும்' யார்? இந்த மலைத்தொடர் 2010 இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. நான் போனபோது கிராமத்தில் விடுதிப் பலகைகள் தொங்கின. ஆற்றங்கரையில் கூடாரங்கள் நின்றன. என்னைப்போல 'யாரும் அறியாத' இடம் தேடி வந்தவர்களின் வான்கள் குறுகலான பாதையில் ஒன்றுக்கொன்று வழிவிட முடியாமல் பின்னோக்கிப் போய்க்கொண்டிருந்தன. கட்டுரையில் அந்த வான்களை நான் வெட்டிவிட்டேன். படத்துக்குக் குறுக்கே நிற்கிறவனை விலகச் சொல்வதுபோல.

இன்னொரு விதத்திலும் அந்தச் சொல் பொய். கண்டி இராச்சியத்தில் மாட்டுப் பொதிச் சுமைக்கென்று மடிகே பத்த என்ற தனிப் பிரிவு இருந்தது. அதில் முஸ்லிம்களுக்குப் பெரும் பங்கு இருந்ததை லோனா தேவராஜா 1994 இல் வெளிவந்த தமது நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். கரையிலிருந்து உப்பும் கருவாடும் மேலே போயின, மலையிலிருந்து பாக்கு கீழே வந்தது. அந்தத் தவளக்காரர்களின் பேரர்கள்தான் பின்னாளில் புடவைப் பொட்டணியைத் தோளில் சுமந்துகொண்டு இந்த மலைகளில் வீடுவீடாக ஏறினார்கள். எந்த வீட்டில் எந்தப் பெண்ணுக்குக் கலியாணம், எவன் கடன் திருப்பிக் கொடுப்பான், எந்த ஓடை ஐப்பசியில் பெருகும் என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். நம் வாப்பாமார் கடன் கொப்பியில் பெயர் பெயராக எழுதி வைத்திருந்த ஊர்களை, பிள்ளைகளாகிய நாம் கமெராவைத் தூக்கிக்கொண்டு போய் 'கண்டுபிடித்து'விட்டு வருகிறோம்.

அமைதி என்றும் எழுதினேன். அமைதிக்கும் காரணங்கள் உண்டு. நக்கிள்ஸ் காட்டின் நிழலில் நெடுங்காலம் ஏலம் விளைந்தது. மாத்தளையிலும் கண்டியிலும் வாசனைத் திரவியக் கடை வைத்திருந்த நம்மவர் பலர் அந்த ஏலத்தால் வாழ்ந்தவர்கள். ஏலத்துக்காகக் கீழ்க்காட்டைத் துப்புரவாக்குவது காட்டை அழிக்கிறது என்று கண்டு அது தடைசெய்யப்பட்டது. 2000 இல் அப்பகுதி பேணற்காடாகவும் பிரகடனமானது. காட்டுக்கு அது நல்லதுதான், நான் அதற்கு எதிரியல்ல. ஆயினும் ஒரு பயிர் நின்றால் அதைப் பறித்த கை எங்கே போகும்? கண்டிக்கோ கொழும்புக்கோ போகும். படித்த பிள்ளை திரும்பி வராது. பிறகு நாம் போய்க் காது கொடுத்துக் கேட்டு, 'என்னே அமைதி' என்று உருகுவோம். ஆளில்லாத அமைதி அது.

இதைவிடப் பெரிய கேள்வி பாதையைப் பற்றியது. மீமுரேக்குக் கண்டியிலிருந்து எப்படிப் போகிறோம்? குண்டசாலை, திகன, தெல்தெனிய, ஹுன்னஸ்கிரிய. அங்கிருந்துதான் மலைக்குத் திரும்ப வேண்டும். மீண்டும் ஒருமுறை வாசியுங்கள்: திகன, தெல்தெனிய. 2018 மார்ச்சில், தெல்தெனியவில் தாக்கப்பட்ட ஒரு சிங்கள லொறிச் சாரதியின் மரணத்தைத் தொடர்ந்து, எங்கள் பள்ளிவாசல்களும் கடைகளும் வீடுகளும் எரிந்த பாதை அது. திகனயில் எரிந்த வீட்டுக்குள்ளிருந்து ஒரு வாலிபனின் ஜனாஸாவை எடுத்தார்கள். நாட்டில் அவசரகால நிலை பிரகடனமானது. எங்கள் வான் அதற்குப் பிந்திய ஒரு வருடத்தில் அவ்வழியே போனது. யாரோ ஒருவர் மெதுவாக, "இங்கதான்" என்றார். எவரும் பேசவில்லை. சாரதி பாட்டின் சத்தத்தைக் குறைத்தார். ஹுன்னஸ்கிரிய தாண்டியதும் மறுபடி கூட்டினார். என் கட்டுரையில் கண்டியை விட்டுப் புறப்பட்ட அடுத்த வாக்கியத்தில் ஹுன்னஸ்கிரியவின் பனி வந்துவிடுகிறது. இடையில் இருந்த பாதையை நான் விழுங்கிவிட்டேன்.

அந்தப் பாதையில் இன்னும் என்னென்ன இருக்கின்றன! பழைய தெல்தெனிய நகரம் விக்டோரியா நீர்த்தேக்கத்துக்குள் கிடக்கிறது. 122 மீற்றர் உயர அணை 1985 இல் திறக்கப்பட்டது. கடும் வரட்சியில் நீர் இறங்கினால் பழைய கட்டடங்களின் எச்சங்கள் வெளியே தெரியும். ஊரை இழந்தவர்களில் எல்லா இனத்தவரும் உண்டு. தெல்தெனியவை அண்டிய போப்பிட்டியில்தான் 1866 இல் அருள்வாக்கி அப்துல் காதிர்ப் புலவர் பிறந்தார். கண்டிக் கலம்பகம் பாடிய மனிதர். ஈழத்து முஸ்லிம் புலவர் பரம்பரை என்று மேடைக்கு மேடை அவர் பெயரைச் சொல்கிறோம். அவருடைய மண்ணுக்குப் பக்கத்தால் வான் ஓட, யன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டுத் தூங்குகிறோம். நமக்கு வேண்டியது 'அறியப்படாத' ஊர்.

ஏன் இப்படி? சோம்பல் என்று சொல்லி நான் தப்பிக்கலாம். உண்மையில் பயம். அளுத்கம 2014, திகன 2018, உயிர்த்த ஞாயிறுக்குப் பின்னான 2019, ஜனாஸாக்களை எரித்த 2020. இத்தனைக்கும் பிறகு நாம் ஓட நினைப்பது உல்லாசப் பயணிகளின் கூட்டத்தை விட்டு அல்ல, நம் பெயரைக் கேட்டதும் மாறுகிற முகங்களை விட்டு. ஒரு மலையுச்சியில் முன்பின் அறியாத ஒரு சிங்கள மூதாட்டி சிரித்துக்கொண்டு தேநீர் தந்தால், நமக்கு நெஞ்சு இறங்குகிறது. பார்த்தீர்களா, இந்த நாட்டு மக்கள் நல்லவர்கள், அரசியல்வாதிகள்தான் கெட்டவர்கள் என்று எழுதிவிடுகிறோம். அவள் சிரிப்பை நற்சான்றிதழாக வாங்கி வந்து இங்கே அச்சிடுகிறோம். அவள் எதற்காகச் சிரித்தாள் என்று நமக்குத் தெரியாது. வந்தவர்களுக்குச் சிரிப்பது இப்போது அவ்வூரில் பிழைப்பின் ஒரு பகுதியாகவும் இருக்கலாம்.

கவனியுங்கள், அந்த மூதாட்டிக்கு எந்தக் கட்டுரையிலும் பெயர் இல்லை. ஒரு முழு வாக்கியம்கூட அவள் பேசுவதில்லை. மலையகத்தில் பிறந்த முஸ்லிம் எழுத்தாளனுக்குச் சிங்களம் தாய்மொழிக்கு அடுத்த மொழி. இரு சமூகங்களுக்கும் நாமே பாலம் என்று கருத்தரங்குகளில் பேசுகிறோம். அப்படிப்பட்ட நாம் அவள் சொன்ன ஒரு வசனத்தையாவது தமிழுக்குக் கொண்டுவந்தோமா? மிளகு விலை என்ன, பேரன் எங்கே வேலை செய்கிறான், பிரசவ வலி வந்தால் எந்த வைத்தியசாலைக்கு எப்படிப் போவது என்று கேட்டோமா?

'எழுத்தாளன் ஓய்வெடுக்கக் கூடாதா? மலையை மலையாகப் பார்ப்பதும் குற்றமா?' என்று ஒரு நண்பர் என்னிடம் சீறினார். நியாயமான கோபம். ஓய்வெடுக்கட்டும், பார்க்கட்டும். எதையும் எழுதாமல் இருந்தால் எனக்கு ஒரு ஆட்சேபமும் இல்லை. அல்லாஹ்வின் படைப்பைப் பார்த்து நெகிழ்வது இபாதத் என்றும் அவர் சொன்னார். சரி. ஆனால் பூமியில் பயணம் செய்யும்படி குர்ஆன் ஏவுமிடங்களில், முன்சென்ற சமூகங்களின் முடிவு என்னவாயிற்று என்று பார்க்கும்படி அதோடு சேர்த்தே பல தடவை சொல்லப்படுகிறது. காட்சியை மட்டும் பார்த்துவிட்டு வா என்று சொல்லவில்லை.

நம் மரபிலேயே இதற்கு முன்மாதிரி இருக்கிறது. 1344 இல் இப்னு பதூதா இங்கே வந்து பாவா ஆதம் மலை ஏறினார். புத்தளப் பக்கத்தில் தம்மை வரவேற்ற ஆரியச்சக்கரவர்த்திக்குப் பாரசீகம் விளங்கியது என்று எழுதினார். வழியில் இருந்த ஷெய்கின் பள்ளியையும், காட்டு அட்டைகள் பாய்ந்து ஒட்டுவதையும், அவற்றின்மேல் பிழிவதற்கு மக்கள் எலுமிச்சம்பழம் வைத்திருப்பதையும் எழுதினார். அவர் சொன்னதெல்லாம் சரியா என்பது வேறு விவாதம். ஆறரை நூற்றாண்டு கழித்தும் அதைப் படித்தால் யார் ஆண்டான், யார் எதற்குப் பயந்தார்கள், எதைக் கையில் வைத்திருந்தார்கள் என்று தெரிகிறது. எங்கள் கட்டுரைகளில் அட்டை மட்டும் மிஞ்சியிருக்கிறது. எலுமிச்சம்பழம் வைத்திருந்த மனிதன் போய்விட்டான்.

இது வெறும் இலக்கியச் சண்டை என்று எண்ண வேண்டாம். தியலும நீர்வீழ்ச்சியைப் பார்க்கப் போகிறவர்கள் கொஸ்லந்தையைக் கடந்து போகிறார்கள். அங்கே மீரியபெத்தைத் தோட்டத்தில் 2014 ஒக்டோபர் 29 காலை மலை இறங்கி லயன்களை மூடியது. 2005 இலும் 2011 இலும் அந்த மக்களை அப்புறப்படுத்த வேண்டும் என்று எச்சரிக்கப்பட்டிருந்தது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலின்போது கண்டி, பதுளை, நுவரெலியா, மாத்தளை மாவட்டங்களில் மண்சரிவுகளில் எத்தனை உயிர்கள் போயின என்பது இதை வாசிக்கும் எவருக்கும் மறந்திருக்காது. அந்தச் செய்திகளில் வந்த ஊர்ப்பெயர்களில் பலவற்றை நாம் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டோம். மலைகளைப் பற்றி இத்தனை பக்கங்கள் எழுதிய நமக்கு, எந்தச் சரிவில் யார் வீடு இருக்கிறது என்று தெரிந்திருக்கவில்லை. பச்சைப் போர்வை என்று வர்ணித்தோமே, அதற்கடியில் மண் வெடித்திருந்ததா என்று அந்த ஊர்க்காரனைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பான்.

என் பழைய கட்டுரையை இப்போது எடுத்துப் பார்த்தேன். மூதாட்டி அதிலும் இருக்கிறாள், கருப்பட்டியும் இருக்கிறது. எழுதாமல் விட்டது ஒன்று உண்டு. தேநீர்க் கோப்பையைத் தந்துவிட்டு அவள் என் முகத்தைப் பார்த்து, "புத்தே, கம கொஹெத?" என்று கேட்டாள். மகனே, ஊர் எது என்று. அக்குறணை என்று சொல்லியிருக்க வேண்டும். "கொழும்பு, ஆச்சி" என்றேன். அவள் தலையை ஆட்டிவிட்டு, இந்தப் பக்கமெல்லாம் முன்பு அக்குறணையிலிருந்து ஒரு தம்பி துணி கொண்டு வருவான், நல்ல பிள்ளை, இப்போது வருவதில்லை என்றாள். நான் தேநீரைக் குடித்து முடித்தேன்.