செஞ்சியின் நான்காவது குன்று

செஞ்சிக் கோட்டைக்கு ஆளாளுக்குப் பட்டா கேட்கிறார்கள். 2025 ஜூலையில் யுனெஸ்கோ, மராட்டிய இராணுவ நிலப்பரப்புகள் என்ற தலைப்பில் 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. 11 கோட்டைகள் மகாராட்டிராவில் இருப்பவை. பன்னிரண்டாவது நம் செஞ்சி. உடனே தொடங்கியது சண்டை. கட்டியவர் எங்கள் கோனார் என்றார்கள் சிலர். இல்லை, எங்கள் காடவராயர் என்றார்கள் வேறு சிலர். மராட்டியப் பெயர் எப்படி வரலாம் என்று தமிழ்ப் பெருமையும் சேர்ந்துகொண்டது.

அந்தக் கடைசிக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. சிவாஜி செஞ்சியைப் பிடித்தது 1677இல். எட்டு ஆண்டு முற்றுகைக்குப் பின் முகலாயர் அதைப் பறித்தது 1698இல். ஆக, மராட்டியர் கையில் இருந்தது 21 ஆண்டுகள். அதற்காக ஒரு கோட்டையின் முழு வரலாற்றையும் அவர்கள் பெயரில் எழுதிவைக்க முடியாதுதான்.

ஆனால் 'எங்கள் மன்னர்' என்று மார்தட்டும் ஆண்ட பரம்பரைகளிடம் எனக்கு வேறு கேள்வி இருக்கிறது.

1200 வாக்கில் ஆனந்தக்கோன் கோட்டையைத் தொடங்கியதாக மெக்கன்சி தொகுத்த சுவடிகள் சொல்கின்றன. அடுத்து குறும்பர். பின்னர் விஜயநகரத்துக்குக் கீழ்ப்பட்ட நாயக்கர்கள். 1649இல் பீஜப்பூர் சுல்தான். பிறகு மராட்டியர், முகலாயர். 1714இல் தேசிங்கு போரில் செத்ததும் ஆற்காட்டு நவாப். 1750இல் பிரெஞ்சுக்காரர், 1761இல் ஆங்கிலேயர். இத்தனை கை மாறியதில், மதிலுக்குக் கல் சுமந்தவர்களின் வாழ்க்கை எந்தக் கையில் மாறியது? சோழர் கல்வெட்டுகளில் 'வெட்டி' என்ற சொல் கூலியில்லா உழைப்பைக் குறிக்கிறது. ராஜராஜனின் தஞ்சைக் கல்வெட்டில் பறைச்சேரியும் தீண்டாச்சேரியும் தனித்தனியாகப் பதிவாகியிருக்கின்றன. கோட்டைக்கு ஒன்பது உடைமையாளர்கள் வந்து போனார்கள். சேரி மட்டும் ஊருக்கு வெளியிலேயே இருந்தது. இந்துவோ இசுலாமியரோ கிறித்தவரோ, அரியணை ஏறிய எவரும் அதை ஊருக்குள் கொண்டுவரவில்லை.

செஞ்சிக்குப் போகிறவர்கள் மூன்று குன்றுகளைக் கேள்விப்பட்டுத் திரும்புகிறார்கள்: ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி. நான்காவதாக ஒரு சிறிய குன்றும் உண்டு. அதற்கும் அரண் உண்டு. வரலாற்று நூல்களில் அதன் பெயர் சக்கிலி துர்க்கம். அரசனுக்கும் சாமிக்கும் நிலவுக்கும் ஒவ்வொரு குன்று போக, உழைக்கும் மக்களின் பெயர் ஒட்டியிருக்கும் ஒரே குன்று அதுதான். கோனாரா காடவராயரா என்று தொண்டை வறளக் கத்துகிறவர்களில் ஒருவர்கூட அந்தக் குன்றைப் பற்றி வாய் திறக்கவில்லை.

ஒரு கோட்டைக்குத் தோல் வேலை எவ்வளவு தேவை என்று யோசித்துப் பாருங்கள். குதிரைக்குச் சேணம், கடிவாள வார். வாளுக்கு உறை. கொல்லன் உலைக்குத் துருத்தி. கிணற்றுக்குக் கவலைச்சால். பாறையில் ஏறி இறங்கும் சிப்பாய்க்குச் செருப்பு. முரசுக்குத் தோல். இவை இல்லாமல் எட்டு ஆண்டு முற்றுகையை எந்த மாவீரன் தாங்கியிருப்பான்? தோலைத் தொட்டவன் தீட்டு. அவன் தைத்த சேணத்தில் ஏறி உட்கார்ந்தவன் வீரன். இந்தக் கணக்கைத்தான் சாதி என்கிறோம்.

'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்போவதாக முதலமைச்சர் 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்கிறேன். சக்கிலி என்பதும் வசைச்சொல்லாகத்தான் எங்கள் மீது எறியப்பட்டது. அது அப்படியே நீடிக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஆனால் இழிவை நீக்குகிறோம் என்று சொல்லி, அந்தக் குன்றுக்கும் ஒரு ராஜாவின் பெயரைச் சூட்டிவிட்டால் இழிவோடு உழைப்பும் சேர்ந்து அழிந்துபோகும்.

எங்களுக்கும் ஒரு அரசனைத் தேடுவோம் என்று நம் தோழர்கள் சிலர் சொல்கிறார்கள். வேண்டாம் தோழர்களே. ஆண்டதற்குச் சான்று காட்டினால்தான் மரியாதை என்பது அவர்கள் எழுதிய சட்டம். அந்தச் சட்டத்துக்கு நாம் ஏன் மனுப்போட வேண்டும்?

என் கோரிக்கை சிறியது. உலகப் பாரம்பரியம் என்று பலகை வைக்கும் தொல்லியல் துறை, நான்காவது குன்றுக்கும் ஒரு பலகை வைக்கட்டும். தோல் தொழிலாளர் குன்று என்று எழுதட்டும். அந்தப் பழைய பெயர் யாரை, ஏன் குறித்தது என்பதையும் அதன் கீழே மறைக்காமல் எழுதட்டும்.