கோமாளி பைலட்டும் தொப்பூர் இறக்கமும்



எங்கள் மல்லசமுத்திரம், திருச்செங்கோடு பக்கம் லாரியோ ரிக் வண்டியோ ஓட்டும் சொந்தக்காரர் இல்லாத வீடு குறைவு. அதனால் ரோட்டோர எச்சரிக்கைப் பலகைகள் பற்றி எனக்கு ஒரு கருத்து உண்டு. 'வேகம் விவேகமல்ல' என்று எழுதி வைத்தால் யாரும் திருந்த மாட்டார்கள். ஏன் என்று புரிய வைத்தவர் ஒரு கற்பனை பைலட்!

அவர் பெயர் பெர்சி ப்ரூன். இரண்டாம் உலகப்போரின்போது, 1941ல், பிரிட்டிஷ் விமானப்படை 'டீ எம்' என்ற பயிற்சி இதழைத் தொடங்கியது. அதற்காக பில் ஹூப்பர் வரைந்த கோமாளிதான் ப்ரூன். ஒரு பைலட் என்னென்ன தப்பு செய்யக்கூடாதோ அத்தனையும் செய்வார். நிஜத்தில் சொதப்பியவர்களுக்கு 'எடுக்கவே முடியாத விரல்' என்று ஒரு கிண்டல் விருது வேறு! அமெரிக்கக் கடற்படையிலும் இதே கதைதான். ராபர்ட் ஆஸ்போர்ன் வரைந்த 'டில்பர்ட்' என்ற மண்டு பைலட், பயிற்சிப் பள்ளிச் சுவர்களில் போஸ்டராகத் தொங்கினான்.

போர் நேரத்தில் என்ன விளையாட்டு என்று கேட்கலாம். பிரிட்டனின் குண்டுவீச்சுப் படையில் மட்டும் இறந்தவர்கள் 55,573 பேர். அதில் 8,000 பேருக்கு மேல் எதிரியால் சாகவில்லை. பயிற்சியிலும் விபத்திலும் போனவர்கள். 1940ல் நம் நாட்டிலிருந்தும் 24 பைலட்டுகள் பிரிட்டனுக்குப் போனார்கள். எதிரியைப் போலவே சின்னக் கவனக்குறைவும் ஆளைக் கொல்லும் வேலை அது.

இனி நம்ம ஊருக்கு வருவோம். தர்மபுரியிலிருந்து சேலம் வரும் வழியில் தொப்பூர் கணவாய் இறக்கம் எல்லோருக்கும் தெரியும். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் இறக்குவார்கள். கியர் இல்லாவிட்டால் இன்ஜின் வண்டியைப் பிடிக்காது. மொத்தப் பாரமும் பிரேக்கில் விழும், சூடேறும், கடைசியில் பிடிக்காமலே போகும். இத்தனைக்கும் இன்றைய இன்ஜின்களில் கியரில் வைத்துக் காலை எடுத்தாலே டீசல் நின்றுவிடும். நியூட்ரலில்தான் செலவு!

லாரி ஓட்டும் என் மாமாவிடம் ப்ரூன் படங்களைக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தார். அப்புறம் கொஞ்ச நேரம் பேச்சில்லை. "மாப்ள, நானும் ஒருக்கா தொப்பூர்ல நியூட்ரல்ல எறக்கி, பிரேக் புடிக்காம சாவத் தொட்டுட்டு வந்தன்டா. உங்க அத்தைக்குக்கூடத் தெரியாது" என்றார்.

எத்தனையோ பலகைகளைத் தாண்டிப் போனவர், ஒரு கோமாளியைப் பார்த்ததும் வாயைத் திறந்தார். பலகை 'நீ தப்பு செய்யாதே' என்கிறது. ப்ரூன் 'நான் செய்துவிட்டேன், பார்' என்கிறார். முதலாவதிடம் நாம் ஒளிகிறோம், இரண்டாவதிடம் ஒப்புக்கொள்கிறோம்.

எங்கள் கணக்குப்பதிவியலில் 'பிழைத் திருத்தம்' என்று ஒரு பாடம் உண்டு. கண்டுபிடித்த பிழைக்குத்தான் திருத்தப் பதிவு போட முடியும். தப்பைச் சொன்னால் வேலை போகும் என்ற நிலை இருந்தால் எந்த டிரைவர் சொல்வார்? அவர் மறைத்த தப்பை அடுத்த டிரைவர் அதே வளைவில் திரும்பச் செய்வார்.

அதனால் என் கட்சி இதுதான்: லாரி பட்டறைகளிலும் டீக்கடைகளிலும் தொங்க நமக்கும் ஒரு கோமாளி டிரைவர் வேண்டும். கைலி, தோளில் துண்டு, கியர் நியூட்ரலில். பார்த்துச் சிரிக்கட்டும். சிரித்து முடித்தபின் யாராவது ஒருவர், "நானும் ஒரு தடவை..." என்று ஆரம்பிப்பார்.

அந்த ஒரு வரிக்காகத்தான் கேட்கிறேன்.